அறுவடைக்கு முன் வழுக்கிய கிளட்ச்

லேத் வழுக்குகிறது என்று அண்ணி முதலில் போன் செய்தது எனக்கு இல்லை. குத்தாலத்தில் இருக்கும் ஓர் அறுவடை மெஷின் மெக்கானிக்குக்கு. இந்தச் செய்தி எனக்குக் காணும் பொங்கலன்று, திருவையாற்றில் அண்ணி வீட்டுக் கூடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாகக் கிடைத்தது. இரண்டாம் முறை ரசம் ஊற்றிக்கொண்டே, "லேத் சரியா இழுக்க மாட்டேங்குது தம்பி. குத்தாலத்துக்குப் போன் போட்டிருக்கேன், வியாழக்கிழமை வர்றேன்னிருக்கான்" என்றார். ரசம் இலையைத் தாண்டி ஓடாமல் பார்த்துக்கொள்வதில் நான் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

திருச்சிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் நான். இயந்திரம் நின்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், அடுத்து எதை, எதற்கு யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையெல்லாம் வரிசையாக எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. நான் எழுதிய செய்முறைகள் சட்டம் போட்டு அந்தந்த இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கின. ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் உட்கார்ந்த பிறகு, என் செய்முறைக்குக் கட்டுப்படக்கூடிய இயந்திரம் என்று எட்டும் தூரத்தில் மிஞ்சியது அண்ணியின் லேத் ஒன்றுதான். பஸ்ஸில் அரை மணி நேரம். அதற்கும் குத்தாலத்திலிருந்து ஆள் வருகிறது.

இரும்பைக் கடையும் அந்த லேத் அண்ணன் வாங்கியது. வடக்கே எங்கோ செய்த பழைய இரும்பு. செய்த கம்பெனியே இப்போது இல்லை. அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. பட்டறையை விற்றுவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். நான் வாங்குவதற்கு ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அண்ணி பட்டறையைத் திறந்து, பாதியில் நின்றிருந்த ஒரு பம்ப் ஷாஃப்டைக் கடைந்து கொடுத்துவிட்டார். அண்ணன் இருந்த காலத்திலேயே பாதி வேலை அவர் கையால்தான் நடந்திருக்கிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சம்பா அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அறுவடை தொடங்கினால் வெளி மாவட்டங்களிலிருந்து மெஷின்கள் வந்து இறங்கும். சேற்றில் இறங்கி வரப்பில் ஏறி அவற்றின் இரும்புப் பின்னும் புஷ்ஷும் தேயும், உடையும். உடைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு டிரைவர் முதலில் தேடுவது ரோட்டோரத்தில் இருக்கும் லேத் பட்டறையை. அந்த நாற்பது நாள் வேலையில்தான் அண்ணியின் வருடம் ஓடுகிறது. லேத் ஓடவில்லை என்று ஒரு டிரைவர் தஞ்சாவூருக்குப் போய்விட்டால் அடுத்த வருடமும் நேரே அங்கேதான் போவான். ஆகவே பத்து நாளுக்குள் லேத் ஓடியாக வேண்டும் என்பது அண்ணியின் கவலை. என் கவலை வேறு. வியாழக்கிழமைக்குள் ஓடியாக வேண்டும்.

அந்த மெக்கானிக்கைப் பற்றி நியாயமாகத்தான் எழுதப் பார்க்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்பானர்களை யூரியா சாக்கில் கட்டி பைக்கின் பின்னால் வைத்துக்கொண்டு, அறுவடைக் காலத்தில் திருவாரூருக்கும் மாயவரத்துக்கும் நடுவில் எங்கே மெஷின் படுத்தாலும் போவான். எத்தனாவது வரை படித்தான் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவான், வெட்கப்படவும் மாட்டான். அது எனக்கு உதவாது. அண்ணி அவனையும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் எனக்கு "வாங்க தம்பி", அவனுக்கு "வா தம்பி". எனக்கு வாழை இலையும் பாயசமும். அவன் நேராக அடுப்படிக்குப் போய், என்ன குழம்பு என்று மூடியைத் தூக்கிப் பார்த்து, தட்டில் போட்டுக்கொண்டு வந்து பட்டறை வாசலில் குந்திச் சாப்பிடுவான். இருபத்தெட்டு வருடக் கொழுந்தனான எனக்கு அந்த அடுப்படியில் உப்பு எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கே போய்விட்டேன். "எதுக்குத் தம்பி உங்களுக்குச் சிரமம்" என்றார் அண்ணி. சிரமமே இல்லை என்று சொல்லிக் கைலியை மடித்துக் கட்டினேன்.

ஒரு ஷாஃப்டை மாட்டிக் காட்டினார். லிவரைத் தூக்கியதும், ஷாஃப்டைக் கவ்வியிருந்த சக் ஒழுங்காகச் சுற்றியது. சீவும் டூல் இரும்பைத் தொட்டு, கொஞ்சம் ஆழமாக இறங்கியதுமே சுற்று தளர்ந்தது. மோட்டார் மட்டும் எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. டூலைப் பின்னுக்கு இழுத்தால் சக் மறுபடி வேகம் பிடித்தது. மோட்டாரின் இழுப்பைச் சக்குக்குக் கொண்டுபோவது, நடுவே எண்ணெயில் கிடக்கும் ஒரு தட்டு அடுக்கு. லிவரைத் தூக்கினால் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டு சேர்ந்து சுற்ற வேண்டும். அந்தப் பிடிதான் கிளட்ச். பிடி விட்டிருக்கிறது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் பார்த்தவுடனே சொல்வது என் பழக்கம் இல்லை.

முதலில் மோட்டார் முனையில் கரண்ட்டை அளந்தேன், சரியாக இருந்தது. பெல்ட் சுற்றும் பெரிய புல்லியில் சாக்பீஸால் கோடு போட்டு, சக் திணறும்போது புல்லியும் திணறுகிறதா என்று பார்த்தேன். சக் ஏறக்குறைய நின்றபோதும் புல்லி நிற்கவில்லை. ஆகவே பெல்ட் நிரபராதி. எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். பிறகு மேல் மூடியைக் கழற்றி, தட்டுகளை நெருக்கும் பல் வெட்டிய வளையத்தின் பூட்டுப் பின்னை அழுத்திக்கொண்டு ஒரு பல் திருப்பினேன். பதினைந்து நிமிடம் நன்றாக இழுத்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தில், வியாழக்கிழமை அவன் வந்து நிற்கும்போது "சரியாயிடுச்சுப்பா, நீ டீ குடிச்சிட்டுக் கிளம்பு" என்று எந்தக் குரலில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். பதினாறாவது நிமிடம் வழுக்கியது.

செவ்வாய்க்கிழமை இன்னும் இரண்டு பல் திருப்பினேன். இப்போது லிவரைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. லிவரை நடுவில் விட்டாலும் சக் நிற்காமல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் மூடியின் மேல் கை வைக்க முடியவில்லை. தீய்ந்த வாசனை வந்தது.

"கொதிக்குது தம்பி. கொஞ்சம் விட்டுப் பிடிங்க" என்றார் அண்ணி.

விட்டுப் பிடித்தேன். பழையபடி வழுக்கியது.

புதன்கிழமை, தட்டுகள் தேய்ந்துவிட்டன, முழு அடுக்கையும் மாற்ற வேண்டும், கம்பெனி இல்லாததால் வெளியில் செய்யச் சொல்ல வேண்டும், குறைந்தது மூன்று வாரம் ஆகும் என்று எண் போட்டு இரண்டு பக்கம் எழுதி அண்ணியிடம் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பாதி அறுவடை முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னால் முடியாதது யாராலும் முடியாததாக இருந்தால் போதும் என்றுதான் அன்றைக்கு எனக்கு இருந்தது. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். மடித்து, கரண்ட் பில்கள் இருக்கும் இடத்தில், சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அவர் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வியாழக்கிழமை அவன் பத்து மணிக்கு வந்தான். நான் எட்டு மணிக்கே போய் டார்ச் லைட்டோடு நின்றிருந்தேன்.

"வா தம்பி. டீ போடவா?"

"அப்பறம் குடிக்கிறேங்க்கா. பெரியவருக்கு என்னன்னு பாத்துடறேன்" என்று லேத்தின் முதுகில் தட்டினான். பிறகு என் பக்கம் திரும்பி, என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டான். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான். சொன்னேன். நடுவில் பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டு, "அப்ப கரண்ட்டும் இல்ல, பெல்ட்டும் இல்ல. எனக்குப் பாதி வேலையை மிச்சம் பண்ணிட்டீங்க சார்" என்றான். என்னை மட்டம் தட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மூடியைத் திறந்தான். தட்டுகளைத் தொடவில்லை. ஒரு விரலை எண்ணெயில் விட்டு எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தான். முகர்ந்தான். மறுபடி தேய்த்தான்.

"யாருக்கா இந்த ஆயில ஊத்துனது?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்; மனம் வரவில்லை. போன ஆயுத பூஜைக்கு லேத்தைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தபோது, நான் ஒரு பெரிய டின் ஆயிலோடு போயிருந்தேன். என் மருமகன் தன் காருக்கென்று வாங்கி, வண்டியை மாற்றியதால் பிரிக்காமல் வைத்திருந்தது. விலை உயர்ந்த சரக்கு. அண்ணி ஊற்றுவது டிரம்மிலிருந்து பிடிக்கும் சாதாரண மெஷின் ஆயில். பழையதை வடிக்கச் சொல்லி, கற்பூரம் காட்டி முடிந்ததும், வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்க்க என் கையால் இதை ஊற்றினேன். ஊற்றும்போது எண்ணெயின் தரம் பற்றிக் கொஞ்சம் பேசவும் செய்தேன். தட்டு கிளட்ச் இருக்கும் இடத்தில் கார் ஆயில் ஊற்றக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. தொழிற்சாலையில் அதை நான்தான் எழுதி மாட்டியிருந்தேன். ஆனால் அன்றைக்கு நான் ஊற்றிக்கொண்டிருந்தது கிளட்சுக்கு அல்ல, பூஜைக்கு. இந்த மூன்று நாளில் நோட்டில் எல்லாவற்றையும் குறித்தவன், எண்ணெய் என்ற வரியை எழுதி அதற்கு நேராக 'புதியது, உயர்தரம்' என்று போட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன்.

"நான்தான் ஊத்துனேன்" என்றார் அண்ணி.

"நீங்களாக்கா?"

"ஏன், நான் ஊத்தக் கூடாதா?"

"அதில்லக்கா. இது காருக்கு ஊத்துறது. ரொம்ப நல்ல ஆயில். இரும்ப இரும்பு உரச விடாது. அதான் தட்டு ஒண்ண ஒண்ணு பிடிக்காம வழுக்குது."

டார்ச் லைட்டை அணைக்க வேண்டுமா, அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெயை வடித்து, கிளட்சைக் கழற்றி, தட்டுகளை வந்த வரிசையிலேயே சாக்கின் மேல் பரப்பினான். ஒவ்வொன்றும் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. இரண்டு தட்டுகள் மட்டும் நீலம் பாரித்திருந்தன. சூட்டில் வரும் நீலம். செவ்வாய்க்கிழமை நான் திருப்பிய இரண்டு பல்லின் நீலம். அவன் அவற்றை எடுத்துத் தனியாக வைத்தான்.

"இதுக்கு மாத்து வேணுமேக்கா. அண்ணன் ஒரு பழைய லேத்த உடைச்சப்ப நாலு தட்டு எடுத்து வச்சாருல்ல, மேல் அலமாரியில, பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடி?"

அண்ணி ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். கிரீஸ் தடவி, பேப்பரில் சுற்றி நான்கு தட்டுகள். பேப்பரின் மேல் அளவை எழுதியிருந்தது என் அண்ணனின் கையெழுத்து. மூன்று நாளாக நான் அந்த அலமாரிக்குக் கீழேதான் நின்றிருந்தேன். என் அண்ணன் எதை எங்கே வைத்தான் என்பது குத்தாலத்துக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. எண்ணெய் விஷயத்தில் சுட்டதைவிட இது அதிகம் சுட்டது. நாங்கள் இருவரும் வருடத்துக்கு இரண்டு முறை சந்தித்து நலம் விசாரித்துக்கொண்ட சகோதரர்கள். அண்ணனும் அவனும் வாரக்கணக்கில் ஒரே இரும்புக்குள் கை விட்டவர்கள்.

மற்ற தட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாள் விரித்து, பளபளப்பு போகும் வரை ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். அந்த வேலையில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் தேய்த்ததை அண்ணி வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இரண்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார். மதியத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டி, டிரம் ஆயிலை ஊற்றி, வளையத்தை அளவாக நெருக்கினான். அண்ணி ஷாஃப்டை மாட்டி, டூலை நான் விட்டதைவிட ஆழமாகவே விட்டார். சக் கொஞ்சமும் தளரவில்லை. மோட்டாரின் குரல்தான் கனத்தது. இரும்புச் சுருள் தடித்து, புகைந்துகொண்டு தரையில் விழுந்தது. அவனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

அன்றைக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. எனக்கு இலை போட்டிருந்தது. போகும்போது அவன் என் நம்பரை வாங்கிக்கொண்டான். ஏதாவது சந்தேகம் என்றால் உங்களிடம் கேட்கலாம் அல்லவா என்றான்.

அவன் பைக் சத்தம் ஓய்ந்த பிறகு, ஆயிலை நீங்கள் ஊற்றியதாக ஏன் சொன்னீர்கள் என்று அண்ணியிடம் கேட்டேன்.

"அவன் நாலு ஊருக்குப் போறவன் தம்பி. போற இடத்துல எல்லாம் வாய் சும்மா இருக்காது. நம்ம வீட்டு ஆள எதுக்கு இழுத்து விடணும்?"

"ஆயில்தான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தேய்த்த உப்புத்தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "மார்கழியிலயே சந்தேகம் வந்துடுச்சு. சாமி முன்னாடி, அத்தன பேரு பாக்க, நீங்க ஊத்துனது. அதை நான் எப்படி என் கையால வடிக்கிறது? உங்ககிட்ட வந்து, நீங்க ஊத்துனது சரியில்லன்னு சொல்றதா? வெளி ஆளு வந்து சொன்னா, அது மெஷின் பேச்சோட போயிடும்னுதான் அவனைக் கூப்பிட்டேன்."

ஒரு மாதம் லேத்தை மெல்லிசாகச் சீவி ஓட்டி, ஒரு மணி நேர வேலையை மூன்று மணி நேரம் செய்திருக்கிறார், என் முகம் வாடக் கூடாது என்று. இதைக் கேட்டு எனக்கு மனம் நெகிழ்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் நெகிழ்ந்ததும் உண்மைதான். ஆனால் பஸ்ஸில் வரும்போது நான் திரும்பத் திரும்ப நினைத்தது வேறு. அவன் தப்பாக ஊற்றியிருந்தால் அன்றைக்கே "என்னடா ஊத்துன?" என்று கேட்டு வடித்திருப்பார். அந்தத் திட்டை வாங்கும் தகுதி எனக்கு இல்லை.

இருந்தாலும் என்னிடம் ஒரு துருப்புச் சீட்டு மிச்சமிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தட்டுகள் ஒரு வாரம் ஓடினால் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். அப்போது வளையத்தை இன்னும் ஒரு பல் நெருக்க வேண்டும். இல்லாவிட்டால் லேசாகத் திணற ஆரம்பிக்கும். இது அவன் வாயில் வரவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தேன். நானும் நினைவுபடுத்தவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை. சரியாக ஒன்பது நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனேன்.

அறுவடை தொடங்கியிருந்தது. பட்டறைக்கு முன் ரோட்டோரத்தில் வைக்கோலும் சேறுமாக இரண்டு மெஷின்கள் நின்றன. அண்ணி ஒரு பின்னைக் கடைந்துகொண்டிருந்தார். டிரைவர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். வேலை முடியும் வரை காத்திருந்து, கிளட்சை ஒருமுறை பார்க்க வேண்டும், ஒரு வாரத்தில் தட்டு உட்காரும் என்று தொடங்கினேன்.

"உக்காந்துச்சு தம்பி. முந்தாநாள் லேசா இழுபறியா இருந்துச்சு, ஒரு பல்லு திருப்பிட்டேன்."

"யார் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? ரெண்டு நாளா நீங்க திருப்புனதப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். நீங்க மூணு பல்லு திருப்புனீங்க. நான் ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன்."

அந்த டிரைவர் சிரித்தான். அவனுக்கு என்ன புரிந்தது என்று தெரியவில்லை. அண்ணியும் சிரித்துக்கொண்டே அடுத்த பின்னை மாட்டினார். லிவரை ஒரே விரலால் தூக்கினார். மோர் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் அடித்தது. குத்தாலத்துக்காரன். பின்னால் அறுவடை மெஷின் இரைந்தது. நலம் விசாரித்தான். மழை வருமா என்று கேட்டான். பிறகு, "லேத் எப்படிங்க சார் ஓடுது? அக்கா போனே பண்ணலையே" என்றான்.

நன்றாக ஓடுகிறது என்றேன்.

"இல்ல, அந்தத் தட்டு ஒரு வாரத்துல கொஞ்சம் உக்காரும் சார். ஒரு பல்லு திருப்பணும். அக்கா கூப்பிடுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நாளைக்கு வந்து பண்ணிக் குடுத்துடவா?"

அப்போதுதான் புரிந்தது. அவன் அதைச் சொல்லாமல் போனது மறதியால் அல்ல. அந்த ஒரு பல்லை, நான் எனக்கென்று எடுத்து வைத்ததுபோல, அவனும் தனக்கென்று எடுத்து வைத்திருக்கிறான். ஒன்பது நாளாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"வேண்டாம்பா. நான் வந்து திருப்பிட்டேன்" என்றேன்.



"அக்கா உங்களக் கூப்பிட்டாங்களா சார்?"

"ஆமா."

"எத்தனை பல்லு திருப்புனீங்க?"

"ஒண்ணு."

"அது போதும் சார்" என்று வைத்துவிட்டான். குரல் இறங்கியிருந்தது.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. தஞ்சாவூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். கால் வலிக்கவேயில்லை.